பாகாலின் கல்லறையும் ராக்கெட் கட்டுக்கதையும்

மாயன் நாகரிகம் என்று இணையத்தில் தேடினால் தவறாமல் கண்ணில் படும் படம் ஒன்று உண்டு. ஒரு மனிதன் பின்னால் சாய்ந்தபடி இருப்பான். முழங்கால்கள் மடங்கியிருக்கும். கைகள் எதையோ இயக்குவது போல் தெரியும். அவனுக்குக் கீழே நெருப்பு கக்குவது போல் ஏதோ ஒன்று. படத்தின் அடியில் ஒரு கேள்வி: "1300 ஆண்டுகளுக்கு முன்பே விண்வெளி வீரரா?!" ஒரு காலத்தில் ஃபார்வர்டு மெயிலில் சுற்றிய இந்தப் படம் பிறகு ஃபேஸ்புக்குக்குப் போனது. இப்போது வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. படம் அதே படம், கேள்வியும் அதே கேள்வி.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. அந்த மனிதன் யார், எப்போது பிறந்தான், எந்த வயதில் அரசனானான், எப்போது இறந்தான், அவனுடைய அப்பா அம்மா பெயர் என்ன என்பது வரை எல்லாமே தெரியும். யாரோ ஊகித்துச் சொன்னதல்ல. அவனைப் புதைத்தவர்களே கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதி வைத்ததைப் படிக்காமல் "மர்மம், மர்மம்" என்று கூவுவதில்தான் பிரச்சினையே இருக்கிறது.

பெரிய தண்ணீர்

அந்தப் படம் கிடைத்த இடம் பலெங்கே. மெக்சிகோவின் தெற்கே சியாபாஸ் மாநிலத்தில், மலையடிவாரக் காட்டுக்குள் இருக்கும் பழைய மாயா நகரம். பலெங்கே என்பது ஸ்பானியர்கள் வைத்த பெயர். நகரத்துக்காரர்கள் தங்கள் ஊரை அழைத்த பெயர் லகம்ஹா. "பெரிய தண்ணீர்" என்று பொருள். பெயர் சும்மா வந்ததல்ல. மலையிலிருந்து ஓடைகள் நகரத்துக்குள்ளேயே இறங்கி வருகின்றன. அவற்றில் ஓட்டுலூம் என்ற ஓடையை அரண்மனைக்குப் பக்கத்தில் கல்லால் கட்டி, மேலே கூரை போட்டு, தரைக்கடியில் ஓட விட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் முற்றத்துக்குள் வராது, மேலே நடமாட இடமும் கிடைக்கும். இன்னொரு கால்வாயை முடியும் இடத்தில் குறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அழுத்தத்தோடு வெளியேறும்படியான அமைப்பு அது என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

1998 முதல் 2000 வரை நடந்த நில அளவைப் பணியில் சுமார் 1,500 கட்டடங்கள் வரைபடத்தில் ஏறின. சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது அதில் மிகச் சிறிய பகுதிதான். மிச்சமெல்லாம் இன்னும் மரங்களுக்கும் மண்ணுக்கும் அடியில் கிடக்கின்றன.

இந்த நகரத்தின் புகழ்பெற்ற அரசன்தான் கினிச் ஜனாப் பாகால். 603-ல் பிறந்தவன். 615-ல், வெறும் 12 வயதில் அரியணை ஏறினான். அந்தச் சமயம் ஊர் இருந்த நிலை ரொம்ப மோசம். கலாக்முல் என்ற பெரிய அரசு 599-லும் 611-லும் இந்த நகரத்தைத் தாக்கியிருந்தது. அம்மா சக் குக் மகனுக்கு மகுடத்தைக் கொடுக்கும் காட்சி அரண்மனையில் ஒரு நீள்வட்டக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அடி வாங்கிக் கிடந்த ஊரை 68 ஆண்டுகள் ஆண்டு நிமிர்த்திவிட்டு, 683-ல் 80-வது வயதில் பாகால் கண்ணை மூடினான்.

படிக்கட்டுக்கு அடியில் கிடைத்தது

பலெங்கேயில் "கல்வெட்டுக் கோயில்" என்று ஒரு பிரமிடு இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள கோயில் சுவர்களில் அறுநூறுக்கும் மேற்பட்ட எழுத்துக் குறிகள் இருப்பதால் அந்தப் பெயர். 1940களின் இறுதியில் அல்பெர்ட்டோ ரூஸ் என்ற தொல்லியலாளர் அந்தக் கோயிலின் தரையில் ஒரு கல்பலகையைக் கவனித்தார். அதில் வரிசையாகத் துளைகள் இருந்தன. பலகையைத் தூக்கிப் பார்த்தால் கீழே படிக்கட்டு! ஆனால் முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்த படிக்கட்டு. வெயில், புழுக்கம், கொசு எல்லாவற்றோடும் பல பருவங்கள் தொழிலாளர்கள் அந்த இடிபாட்டை அள்ளி வெளியே போட்டார்கள். 1952 ஜூனில்தான் அடியில் இருந்த அறைக்குள் போக முடிந்தது.

அறைக்கு வெளியே சிலருடைய எலும்புகள். அரசனோடு சேர்த்துப் பலி கொடுக்கப்பட்டவர்கள் அவர்கள். மாயா மக்கள் எல்லோரும் சாதுக்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உள்ளே ஒரு பிரம்மாண்டமான கல் பெட்டி. அதன் மூடி மட்டும் ஏறக்குறைய 3.8 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், பல டன் எடை. அந்தப் படிக்கட்டு வழியாக இதை இறக்கியிருக்கவே முடியாது. ஆகவே பெட்டியை முதலில் வைத்துவிட்டு, அதன் மேல்தான் பிரமிடைக் கட்டியிருக்க வேண்டும். மூடியைத் தூக்கியபோது உள்ளே பச்சைக் கல் நகைகளோடும், பச்சைக் கல் துண்டுகளை ஒட்டிச் செய்த முகமூடியோடும் ஒரு எலும்புக்கூடு.

(அந்த முகமூடிக்குத் தனிக் கதை உண்டு. 1985 கிறிஸ்துமஸ் சமயத்தில் மெக்சிகோ நகர அருங்காட்சியகத்திலிருந்து அது திருடு போய், 1989-ல்தான் திரும்பக் கிடைத்தது.)

ராக்கெட் படம் என்று சுற்றுவது அந்த மூடியில் இருக்கும் சிற்பம்தான்.

மூடியில் என்ன இருக்கிறது?

1968-ல் வெளியான தன் புத்தகத்தில் எரிக் வான் டேனிகன் இந்தச் சிற்பத்தை விண்கலத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன் என்று எழுதினார். புத்தகம் உலகம் முழுக்க விற்றுத் தள்ளியது. அந்தக் கதை எடுபட ஒரு சின்னத் தந்திரம் தேவை. படத்தை நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்துக் காட்ட வேண்டும்! அப்போதுதான் அவன் வண்டி ஓட்டுகிறவன் மாதிரித் தெரிவான்.

நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு மரம், சிலுவை வடிவில். உச்சியில் ஒரு பறவை. அடியில் எலும்பாலான தாடைகள் வாயைப் பிளந்தபடி; அதுதான் பாதாள உலகின் வாய். நடுவில் பாகால். மூவுலகையும் இணைக்கும் மரம் அது என்பது மாயா மக்களின் நம்பிக்கை. பாகால் மீது இருப்பது விண்வெளி உடை இல்லை, மணிகள் கோத்த வலைப் பாவாடை. அது சோளக் கடவுளின் உடை. சோளம் மண்ணுக்குள் போய்த் திரும்ப முளைப்பது போல அரசனும் மறுபடி எழுவான் என்பதுதான் சிற்பம் சொல்லும் சேதி.

இது ஆய்வாளர்களின் கற்பனையாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் அதே ஊரில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. பாகாலின் மகன் கினிச் கன் பாலம் 692-ல் திறந்து வைத்த சிலுவைக் கோயிலில் ஒரு பெரிய கல் சிற்பம் உண்டு. அதிலும் நடுவில் அதே மரம், உச்சியில் அதே பறவை. ஆனால் அதற்குள் யாரும் உட்காரவில்லை. இரண்டு பக்கமும் இருவர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ராக்கெட் என்றால் இது என்ன, ஓட்டுநர் இறங்கிப் போன ராக்கெட்டா?

அதைவிட முக்கியம், மூடியின் விளிம்பு. மூடியைச் சுற்றி ஓரத்தில் எழுத்துக்கள் இருக்கின்றன. பாகாலின் பிறப்பு, இறப்பு, அவனுக்கு முன்பு ஆண்டவர்களின் இறப்பு நாட்கள் எல்லாம் அதில் உண்டு. பெட்டியின் பக்கங்களில் அவனுடைய முன்னோர்கள், ஒவ்வொருவரும் ஒரு பழமரத்தோடு மண்ணிலிருந்து முளைத்து வருவது போலச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களின் பெயர்களும் கூடவே இருக்கின்றன. பாகாலின் அம்மாவும் அதில் இருக்கிறாள். ஃபார்வர்டில் வரும் படங்களைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இந்த விளிம்பும் பக்கமும் இருக்காது. மர்மம் வேண்டுமென்றால் பெயர்ப் பலகையை வெட்டி எறிய வேண்டும் அல்லவா?

எழுத்தைப் படித்த கதை

1968-ல் இதெல்லாம் முழுசாகப் படிக்கப்படவில்லை என்பது உண்மை. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1562-ல் யுகட்டானில் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாண்டா என்ற பாதிரியார் மாயா நூல்களைக் குவித்துக் கொளுத்தினார். அவை சாத்தானின் பொய்கள் என்பது அவர் எண்ணம். இன்று உலகில் எஞ்சியிருக்கும் பழைய மாயா ஏடுகள் நான்கே நான்கு. கொளுத்திய அதே லாண்டா, உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு மாயா எழுத்துக்கள் சிலவற்றை ஒரு பட்டியலாக எழுதியும் வைத்தார். அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் 1952-ல் சோவியத் ஆய்வாளர் யூரி நோரோசோவ் இந்தக் குறிகள் வெறும் படங்கள் அல்ல, அசைகளின் ஒலியைக் குறிப்பவை என்று எழுதினார். பலெங்கேயில் கல்லறை திறக்கப்பட்ட அதே ஆண்டு!

அடுத்த திருப்பம் பலெங்கேயிலேயே நடந்தது. 1973 டிசம்பரில் அங்கே கூடிய ஒரு மாநாட்டில் லிண்டா ஷீலி, பீட்டர் மாத்யூஸ், ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்து, பலெங்கே அரசர்களின் வரிசையில் பெரும்பகுதியைச் சில மணி நேரத்தில் கட்டி முடித்தார்கள். ஷீலி ஓவிய ஆசிரியர், மாத்யூஸ் அப்போது மாணவர். அன்றோடு பாகால் "பெயர் தெரியாத அரசன்" என்ற நிலை முடிந்தது. அதன் பிறகும் ராக்கெட் கதை ஐம்பது வருடமாக ஓடுகிறது என்றால் அது அறியாமை இல்லை, அலட்சியம்.

ஆய்வாளர்கள் தப்பே செய்ய மாட்டார்களா? செய்வார்கள். பாகாலின் வயது விஷயத்திலேயே பெரிய சண்டை நடந்தது. கல்வெட்டு 80 என்கிறது. 1950களில் எலும்பைப் பார்த்தவர்கள் 40, 50 வயதுதான் இருக்கும் என்றார்கள். ரூஸ் கடைசிவரை எலும்பின் பக்கமே நின்றார். பிறகு புதிய முறைகளில் எலும்பை மறுபடி ஆராய்ந்தபோது, அது வயதானவரின் எலும்பு என்று முடிவு வந்தது. இதுதான் வித்தியாசம். இங்கே சண்டை சான்றை வைத்து நடக்கிறது. சான்று மாறினால் முடிவும் மாறுகிறது. ராக்கெட் கதைக்கு அந்தத் தொல்லையே இல்லை. எந்தச் சான்று வந்தாலும் அது மாறாது.

இது இன்று தொடங்கிய வியாதி அல்ல

"இவர்களா இதைக் கட்டியிருப்பார்கள்?" என்ற கேள்வி வேற்றுக்கிரகவாசிகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1787-ல் ஸ்பானிய அரசு அனுப்பிய அந்தோனியோ தெல் ரியோ பலெங்கேயைக் கண்டபடி இடித்துத் தோண்டினார். அவருடைய அறிக்கை 1822-ல் லண்டனில் அச்சானபோது, கட்டியவர்களைக் கடல் கடந்த பழைய உலகத்தோடு முடிச்சுப் போடும் கட்டுரை ஒன்றும் கூடவே வந்தது. 1830களின் தொடக்கத்தில் அங்கே தங்கி வரைந்த வால்டெக், மாயா எழுத்துக்களில் யானைத் தலையைக் கண்டுபிடித்தார். மாயா நாட்டில் யானை ஏது!

விதிவிலக்கும் உண்டு. 1840-ல் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ், ஓவியர் கேதர்வுட்டோடு பலெங்கே வந்தார். கோபான் என்ற இன்னொரு மாயா நகரத்தை 50 டாலருக்கு வாங்கிய ஆள் அவர். பலெங்கேயையும் வாங்கப் பார்த்தார். உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்தால்தான் வெளிநாட்டுக்காரர் நிலம் வாங்கலாம் என்று சட்டம் குறுக்கே நின்றது. வியாபாரப் புத்தி எப்படியோ, கண் மட்டும் சரியாக இருந்தது. எகிப்தியரும் இல்லை, வேறு யாரும் இல்லை, இங்கே வாழும் மக்களின் முன்னோர்கள்தான் இதைக் கட்டியவர்கள் என்று அவர் தெளிவாக எழுதினார். ஒரு எழுத்தைக்கூடப் படிக்கத் தெரியாத காலத்தில் 1840களில் ஒருவருக்குப் புரிந்த விஷயம், எல்லாம் படித்த பிறகும் இன்று பலருக்குப் புரியவில்லை.

தமிழில் இதற்கு ஒரு கூடுதல் கிளை உண்டு. புராணத்து மயனும் மெக்சிகோவின் மாயாவும் ஒன்றே என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகள் கொட்டிக் கிடக்கின்றன. இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலிப்பதைத் தவிர அதற்கு அடிப்படை இல்லை. பாகாலின் ஊர்க்காரர்கள் தங்களை "மாயா" என்று அழைத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. அவர்கள் ஒவ்வொரு அரசாகத்தான் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். பலெங்கே அரசின் பெயர் பாகல். எலும்பு என்று பொருள். வேற்றுக்கிரகவாசிக்குப் பதிலாக மயனை உட்கார வைத்தாலும் நடப்பது ஒன்றுதான். கட்டியவன் கையிலிருந்து கட்டடம் பறிக்கப்படுகிறது.

2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும் என்று மாயன் காலண்டர் சொன்னதாக எழுந்த கூச்சல் யாருக்கும் மறந்திருக்காது. பலெங்கேயின் கல்வெட்டுக் கோயிலைப் படித்திருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது. அங்கே பாகால் அரியணை ஏறிய நாளின் ஒரு நினைவு நாள் கி.பி. 4772-ம் ஆண்டில் வருவதாகக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள். 2012-ல் உலகம் முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் 4772-க்கு ஏன் நாள் குறிக்கப் போகிறார்கள்?

சுவாரசியத்துக்குத்தானே, என்ன குறைந்துவிட்டது?

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் இது. "ஒரு சுவாரசியத்துக்குப் படிக்கிறோம். யாருக்கு என்ன நஷ்டம்?" ராக்கெட் கதையைப் படித்துவிட்டு மாயா சரித்திரத்துக்குள் நுழைந்து, பிறகு உண்மையைத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் நஷ்டம் உண்டு. ராக்கெட் கதையோடு ஒட்டிக்கொண்டே வரும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: "மாயா மக்கள் திடீரென்று மாயமாய் மறைந்து போனார்கள்." இது சுத்தப் பொய். பலெங்கே சரிந்ததற்குக் காரணங்கள் உண்டு. 711-ல் பாகாலின் இன்னொரு மகனை டோனினா அரசு சிறை பிடித்தது. தெற்கில் உள்ள நகரங்கள் போர், வறட்சி, நெருக்கடி என்று ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பலெங்கேயில் கிடைத்த கடைசித் தேதி 799. அதன் பிறகும் வடக்கே சிச்சென் இட்சாவும் மாயாப்பானும் செழித்தன. கடைசி சுதந்திர மாயா அரசை ஸ்பானியர்கள் பிடித்தது 1697-ல். மறைந்தது நகரங்கள்தான், மக்கள் அல்ல.

இன்றும் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். ஏறக்குறைய 30 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. பலெங்கேயைச் சுற்றியுள்ள ஊர்களின் மொழி சோல். மெக்சிகோவின் 2020 கணக்கெடுப்பில் அதைப் பேசுவோர் இரண்டரை லட்சம் பேர். பாகாலின் கல்வெட்டு மொழிக்கு நெருங்கிய சொந்தம் அது. லகம்ஹா என்பதில் "ஹா" என்றால் தண்ணீர். இன்றும் சோல் மொழியில் தண்ணீருக்கு ஏறக்குறைய அதே சொல்தான். ஓட்டுலூம் ஓடையைக் காட்டி ஒரு சோல் குழந்தை சொல்லும் வார்த்தை, 1300 ஆண்டுகளுக்கு முந்தைய கல்வெட்டில் இருக்கிறது. இதைவிட என்ன அதிசயம் வேண்டும்?

"மறைந்து போனவர்கள்" என்று சொல்லப்பட்ட இந்த மக்களுக்கு என்ன நடந்தது என்றும் பாருங்கள். குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள் என்று ஐ.நா. ஆதரவோடு அமைந்த உண்மை ஆணையம் 1999-ல் சொன்னது. சியாபாஸிலேயே 1994 ஜனவரி 1-ல் சபாடிஸ்டா எழுச்சி நடந்ததும் நிலம் கேட்டுத்தான், மரியாதை கேட்டுத்தான். 2008 அக்டோபரில் அதே மாநிலத்தின் சின்குல்டிக் இடிபாடுகளின் நுழைவாயிலைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட கிராமத்தவர் மீது போலீஸ் பாய்ந்ததில் 6 பேர் இறந்தார்கள். தங்கள் முன்னோர் கட்டிய இடத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது.

இப்போது கணக்கு சரியாகப் புரியும். கட்டியவர்கள் வேற்றுக்கிரகவாசிகள் என்றால் இடிபாடுகள் யாருக்கும் சொந்தமில்லை. கட்டியவர்கள் மறைந்து போனார்கள் என்றால் கேட்க வாரிசும் இல்லை. பக்கத்து ஊரில் இருப்பவர்கள் வெறும் பொம்மை விற்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். பலெங்கே வாசலில் தோல் துண்டில் பாகாலின் மூடிச் சித்திரத்தை வரைந்து விற்கிறார்கள். வாங்குகிற பயணிகளில் எத்தனை பேர் அதை ராக்கெட் என்று நினைத்து வாங்குகிறார்களோ!

1987-லேயே யுனெஸ்கோ பலெங்கேயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. 2023 டிசம்பர் கடைசியில் கான்கூனிலிருந்து பலெங்கே வரை மாயா ரயிலும் ஓடத் தொடங்கியது. கூட்டம் இனி கூடத்தான் செய்யும். வருகிறவர்களிடம் காட்ட அந்த ஊரில் எல்லாமே இருக்கிறது: அடி வாங்கிய ஊரை நிமிர்த்திய ஒரு சிறுவன், அவனுக்கு மகுடம் கொடுத்த ஒரு தாய், தண்ணீரைத் தரைக்கடியில் ஓட விட்ட பொறியாளர்கள், 4772 வரை கணக்குப் போட்ட எழுத்தர்கள். இதில் எதற்கும் ராக்கெட் தேவையில்லை.

அடுத்த முறை அந்தப் படம் வந்தால் அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். "இது பாகால். பலெங்கே அரசன். பிறப்பு 603, இறப்பு 683. மூடியின் ஓரத்தில் எழுதியிருக்கிறது, பாருங்கள்" என்று பதில் அனுப்பினால் போதும்.